அனுபவம் இல்லாமல் பிஆர் வேலை கிடைக்குமா?

கேள்வி: நான் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவள். வயது 23. தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பி.ஏ.வில் இதழியல், ஆங்கிலம், உளவியல் படித்தேன். தினமும் ரயிலில் பெங்களூரு வந்து, ஒரு பிபிஓவில் வாடிக்கையாளர்களின் புகார் மெயில்களுக்குப் பதில் எழுதும் வேலை செய்கிறேன். பிஆர் (மக்கள் தொடர்பு), கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் பக்கம் போக ஆசை. ஏழெட்டு மாதமாக விண்ணப்பிக்கிறேன். எங்கே பார்த்தாலும் ஓரிரு வருட அனுபவம் கேட்கிறார்கள். நேர்முகத்துக்கு அழைத்தது இரண்டே இடம்: ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி. இரண்டிலும் அவர்கள் சொன்ன வேலை வேறு மாதிரி இருந்தது. ஆங்கிலம் எழுதுவேன், பேசும்போது தங்கவயல் வாடை அடிக்கிறது என்று தோழிகள் சிரிக்கிறார்கள். கடன் வாங்கி எம்.ஏ. சேர்வதா? ஒரு இடத்தில் 25,000 ரூபாய் கட்டினால் பயிற்சி கொடுத்து வேலையும் தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த பயோடேட்டாவையும் படித்தேன். கடிதம் நன்றாக இருக்கிறது. பயோடேட்டாவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. முதல் ஆறு வரியும் 'டைனமிக்', 'பேஷனேட்', 'டீம் பிளேயர்' வகையறா. ஊர் என்ற இடத்தில் தங்கவயலை விட்டுவிட்டுப் பெங்களூரு என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தின் அடியில், பொழுதுபோக்குகளுக்கும் கீழே, தெரிந்த மொழிகள் என்று ஒரு வரி வருகிறது: ஆங்கிலம், கன்னடம், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், தெலுங்கு பேசத் தெரியும். பெங்களூரில் பிஆர் ஏஜென்சிக்கு ஆள் எடுக்கும் வேலையை நெடுங்காலமாகச் செய்து வருகிறேன். அந்த வரி முதல் வரியாக இருந்திருந்தால் அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டிருப்பேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு நேர்முகங்கள். பிஆர்ஓ என்றதும் நம் வீடுகளில் சினிமா டைட்டிலில் வரும் பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் 1950களின் கடைசியில் தொடங்கி வைத்த பாதை அது. இன்றும் அது தனி உலகம். அதற்குள் போகும் வழியும் தனி. ஆஸ்பத்திரி பிஆர்ஓ வேறு ரகம். நோயாளியின் சொந்தக்காரர்களைச் சமாளிப்பது, இன்ஷூரன்ஸ் கவுன்ட்டருக்கு வழிகாட்டுவது, சில இடங்களில் சுற்றுவட்டார கிளினிக்குகளுக்குப் போய் 'கேஸ் அனுப்புங்கள் டாக்டர்' என்று கேட்பது. ரியல் எஸ்டேட்டில் 'பிஆர் எக்ஸிக்யூட்டிவ்' என்றால் பெரும்பாலும் சைட்டைப் பார்க்க ஆள் சேர்க்கும் டெலிகாலர். எதுவும் மட்டமான வேலை இல்லை. நீங்கள் தேடுவது அதுவல்ல, அவ்வளவுதான்.

நீங்கள் தேடும் வேலைக்கு ஏஜென்சிகளில் அக்கவுண்ட் எக்ஸிக்யூட்டிவ், அசோசியேட், ட்ரெய்னி என்று பெயர். நௌக்ரி வேலைத் தளத்தில் 'அக்கவுண்ட் எக்ஸிக்யூட்டிவ்' என்று மட்டும் அடித்தால் டாலி என்ற கணக்கு மென்பொருள் தெரிந்த ஆள் வேண்டும் என்று வரிசையாக வந்து நிற்கும். 'பிஆர் ஏஜென்சி' என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். விளம்பரத்தில் 'மீடியா ரிலேஷன்ஸ்', 'பிரஸ் ரிலீஸ்', 'கவரேஜ்' எதுவும் இல்லாமல் 'டார்கெட்', 'இன்சென்டிவ்', 'சொந்த டூவீலர்' இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். பெரிய கம்பெனிகளின் கார்ப்பரேட் கம்யூனிகேஷன்ஸ் துறையில் புதியவர்களை எடுப்பது அபூர்வம். ஏஜென்சியில் சில வருடம் இருந்தவர்களைத்தான் அங்கே கூப்பிடுவார்கள். ஆகவே இப்போதைக்கு உங்களுக்கு வாசல் ஏஜென்சிதான்.

அங்கே முதல் வருடம் என்ன செய்வீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் நேர்முகத்தில் பாதி கேள்வி இதிலிருந்துதான் வரும். காலையில் க்ளையன்ட் ஆபீசுக்கு வருவதற்கு முன்பே, அவர்களைப் பற்றியும் போட்டிக் கம்பெனிகளைப் பற்றியும் பேப்பர்களில் வந்ததைத் தொகுத்து அனுப்ப வேண்டும். எந்த நிருபர் எந்தப் பேப்பருக்குப் போனார், யார் எந்த பீட் (எழுதும் துறை) பார்க்கிறார் என்று மீடியா லிஸ்ட்டைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிரஸ் ரிலீஸுக்கு முதல் டிராஃப்ட் போட வேண்டும், பிரஸ் மீட்டுக்கு வருகிறீர்களா என்று நிருபர்களுக்கு ஃபோன் அடிக்க வேண்டும், மாலையில் எந்தப் பேப்பரில் என்ன வந்தது என்று கவரேஜ் ரிப்போர்ட் போட வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் கணக்கை வெளியிட வேண்டும், முழு ஆண்டுக் கணக்கு என்றால் 60 நாட்கள் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. அதனால் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் பிற்பாதியில் தொடங்கி சில வாரங்களுக்கு, அப்படிப்பட்ட க்ளையன்ட் இருக்கும் டீமில் லீவு கேட்கவே தயங்குவார்கள்.

இன்னொன்று. வந்த செய்தி எத்தனை சதுர சென்டிமீட்டர், அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு எக்செல்லில் ஏற்றச் சொல்வார்கள். ஏவிஇ என்று பெயர். இது பிஆரின் மதிப்பை அளக்கும் முறையே அல்ல என்று 2010இல் பார்சிலோனாவில் கூடிய துறைக்காரர்களே அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் க்ளையன்ட் கேட்கிறார், நாம் போட்டுக் கொடுக்கிறோம். இந்தச் சமாசாரம் தெரிந்த புதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பேச்சுவாக்கில் சொன்னீர்கள் என்றால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, அனுபவத்துக்கு வருவோம். 'ஓரிரு வருடம்' என்று போடுவதற்கு முக்கியக் காரணம் பயம். போன தடவை எடுத்த புதிய ஆள் எழுதிய ரிலீஸை மேலே இருப்பவர் ராத்திரி உட்கார்ந்து திருப்பி எழுதியிருப்பார். அந்தப் பயத்தைப் போக்கினால் வருடக் கணக்கைப் பல இடங்களில் கண்டுகொள்ள மாட்டார்கள். அதனால்தான் நேர்முகத்தில் எழுத்துத் தேர்வு வைக்கிறார்கள்: ஒரு தாளில் பத்துப் பன்னிரண்டு தகவல்களைக் கலைத்துக் கொடுத்து, முக்கால் மணி நேரத்தில் ரிலீஸ் எழுதச் சொல்வார்கள். சில இடங்களில் ஒரு நிருபருக்குச் செய்தியைச் சொல்லி அனுப்பும் பிட்ச் மெயில் எழுத வேண்டியிருக்கும். அந்தத் தேர்வை நீங்களே வீட்டில் எழுதி, விண்ணப்பத்தோடு அனுப்பிவிடுங்கள். இரண்டு மாதிரிகள் போதும்.

முதலாவது உங்கள் ஊரிலிருந்து வரட்டும். பள்ளி விழா, நூலகம், இலவச மருத்துவ முகாம், கால்பந்துப் போட்டி என்று எதுவாக இருந்தாலும் சரி, நிஜமாக நடப்பதாக இருக்க வேண்டும். நடத்துகிறவர்களிடம் போய் 'செய்திக்குறிப்பு நான் எழுதித் தருகிறேன்' என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எழுதும்போது இப்படி ஆரம்பிக்கத் தோன்றும்: 'தங்கவயலின் முன்னணிப் பள்ளியாகத் திகழும் எங்கள் பள்ளி தனது பவள விழாவைக் கோலாகலமாகக் கொண்டாட இருப்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' இதை நிருபர் இரண்டாவது வார்த்தையிலேயே மூடிவிடுவார். அதே பள்ளி, அதே விழா: '2001இல் சுரங்கம் மூடிய பின் ஊரை விட்டுப் போன பழைய மாணவர்கள், தாங்கள் படித்த பள்ளியின் 75ஆம் ஆண்டு விழாவுக்காக வரும் சனிக்கிழமை தங்கவயலில் கூடுகிறார்கள்.' இதில் 'முன்னணி' கிடையாது, பெருமகிழ்ச்சி கிடையாது. யார், என்ன, எப்போது, எங்கே எல்லாம் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது, ஏன் படிக்க வேண்டும் என்பதும் வந்துவிட்டது. அடுத்து இரண்டு பத்தி விவரம், தலைமை ஆசிரியர் உண்மையில் பேசிய ஒரு வாக்கியம், பள்ளியைப் பற்றி மூன்று வரி, தொடர்புக்கு ஒரு எண். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

எழுதியதைக் கன்னடத்திலும் தமிழிலும் தனித்தனியாகத் தயாரித்து, கோலார் மாவட்டச் செய்திகள் எழுதும் நிருபர்களுக்கு நீங்களே அனுப்பி, நீங்களே ஃபோன் செய்யுங்கள். நான்கு வரிச் செய்தியாக வந்தால்கூட அது உங்கள் முதல் கிளிப்பிங். வராவிட்டாலும் நஷ்டமில்லை, ஏன் வரவில்லை என்று அந்த நிருபரிடம் பணிவாகக் கேட்டால் அவர் சொல்லும் காரணம் எந்த வகுப்பிலும் கிடைக்காதது. கவரில் பணம் வைத்துக் கொடுத்தால்தான் வரும் என்று யாராவது சொன்னால் அந்தச் செய்தியை அத்தோடு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது மாதிரி பெங்களூரைப் பற்றியது. 2025 பிப்ரவரி 9 முதல் நம்ம மெட்ரோ கட்டணம் உயர்ந்தது ஞாபகம் இருக்கும். அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. நிர்வாகம் சராசரி உயர்வைச் சொல்லிக்கொண்டிருந்தது. பயணிகளோ தங்கள் டிக்கெட் ஏறக்குறைய இரண்டு மடங்கானதைப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் சில தூரங்களுக்குக் கட்டணத்தைக் குறைத்தார்கள், 90 மட்டும் அப்படியே நின்றது. அந்த வாரத்து ஆங்கில, கன்னடத் தலைப்புகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிறகு ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: அறிவிப்பு வெளியாகும் முன்பே நிர்வாகம் எந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் தயார் செய்திருக்க வேண்டும், அந்தப் பதில்கள் என்ன. உயர்வு சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். கோபமாக வரும் நிருபரின் கேள்வியை முன்கூட்டியே யோசிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். புகார் மெயில்களுக்குப் பதில் எழுதியே பழகிய உங்களுக்கு இது புதிதில்லை. பயோடேட்டாவில் பிபிஓ வேலையை 'கஸ்டமர் சப்போர்ட்' என்று ஒரு வரியில் முடித்திருக்கிறீர்கள். நாளுக்கு எத்தனை மெயில், எப்படிப்பட்ட புகார்கள், எந்த ரெடிமேட் பதிலை நீங்கள் மாற்றி எழுதி அது நிலைத்தது என்று மூன்று வரியாக விரித்து எழுதுங்கள்.

இப்போது மொழி. பெங்களூரில் ஒரு கம்பெனி எதையாவது அறிமுகப்படுத்தினால் ஆங்கிலப் பேப்பர்களோடு பிரஜாவாணி, விஜய கர்நாடகா, விஜயவாணி, கன்னட பிரபா, உதயவாணி இத்தனையிலும் வர வேண்டும் என்று க்ளையன்ட் எதிர்பார்ப்பார். ஏஜென்சி இளைஞர்களில் பெரும்பாலோருக்குக் கன்னடம் ஆட்டோ பிடிக்கும் அளவுக்குத்தான் வரும். ரிலீஸை வெளியே மொழிபெயர்க்கக் கொடுப்பார்கள், இப்போது பல இடங்களில் மெஷினிடமே கொடுத்துவிடுகிறார்கள். வந்து சேரும் கன்னடத்தைப் படித்துப் பார்க்க ஆபீசில் ஆள் இருக்காது. பேப்பரின் டெஸ்க்கில் இருப்பவர் அதை அப்படியே ஒதுக்கிவிடுவார். கன்னடத்தில் எழுதி, கன்னட நிருபரிடம் ஃபோனில் அவர் பாஷையிலேயே இரண்டு நிமிடம் பேசத் தெரிந்த ஒரு ஆள் டீமுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்குத் தெரியவில்லை.

அதோடு தமிழும் இருக்கிறது. தினத்தந்தி போன்ற பேப்பர்களுக்குப் பெங்களூருப் பதிப்பு உண்டு. அது போக, இந்த ஊரில் தலைமையகமும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபேக்டரியும் வைத்திருக்கும் கம்பெனிகளைப் பாருங்கள். டைட்டனின் முதல் ஃபேக்டரி ஓசூரில்தான். ஓலா எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தயாராவது போச்சம்பள்ளியில். இவர்களைப் போன்றவர்களுக்கு ஒரே செய்தி மூன்று மொழிகளில் ஒரே காலையில் போக வேண்டியிருக்கும். தங்கவயலில் வளர்ந்த உங்களுக்கு அது இயல்பாக வரும் விஷயம். அந்த ஊர்ப் பெயரை எதற்காக மறைக்கிறீர்கள்?

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மொழி தெரியும் என்று தெரிந்ததும் ஆபீசில் இருக்கிற மொழிபெயர்ப்பு முழுவதையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். முதல் ஆறு மாதம் செய்யுங்கள். ஆனால் 'மொழிபெயர்த்த ரிலீஸுக்கு நிருபர்களிடம் நானே பேசுகிறேன், அந்தக் கவரேஜும் என் பெயரில் வரட்டும்' என்று தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் கழித்தும் டிரான்ஸ்லேட்டராகவே இருப்பீர்கள்.

பயிற்சிக்கு உங்கள் ரயில் நேரம் போதும். மத்திய அரசின் செய்திப் பிரிவான பிஐபி தளத்தில் ஒரே செய்திக்குறிப்பு பல நேரம் ஆங்கிலத்திலும் தமிழிலும் கன்னடத்திலும் இருக்கும். ஆங்கிலத்தைப் படித்து நீங்களாகக் கன்னடத்தில் முதல் பத்தியை எழுதிவிட்டு, அதன் பிறகு அவர்கள் எழுதியதைத் திறந்து பாருங்கள். சில நாட்களில் உங்களுடையதுதான் நன்றாக இருக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நிருபருக்கு வேலை நேரத்தில் உங்கள் ஆங்கிலத்தை ரசிக்க நேரம் கிடையாது. தன் பீட் என்ன, போன வாரம் தான் எழுதியது என்ன என்று தெரிந்து கூப்பிடுகிறாளா என்றுதான் பார்ப்பார். நேர்முகத்தில் 'இன்று காலை என்ன படித்தீர்கள்' என்ற கேள்வி அநேகமாக வரும். அதற்கு முழித்தவர்களில் பாதிப் பேர் அழகான ஆங்கிலம் பேசியவர்கள்.

எங்கே, எப்போது விண்ணப்பிப்பது? ஆட்ஃபேக்டர்ஸ், எடல்மேன், எம்எஸ்எல், பர்சன் போன்ற பெரிய ஏஜென்சிகளுக்குப் பெங்களூரில் ஆபீஸ் இருக்கிறது. அவர்களின் கரியர்ஸ் பக்கத்தில் போட்டு வையுங்கள். ஆனால் உங்களுக்கு நான் சிபாரிசு செய்வது இருபது முப்பது பேர் இருக்கும் உள்ளூர் ஏஜென்சி. பெரிய இடத்தில் முறைகளைக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் ஒரு வருடம் எக்செல் ஷீட்டுக்குள்ளேயே போய்விடும் அபாயம் உண்டு. சின்ன இடத்தில் இரண்டாம் வாரமே நிருபரிடம் பேச விடுவார்கள். எக்ஸ்சேஞ்ச்ஃபார்மீடியா, அஃபேக்ஸ் போன்ற துறைச் செய்தித் தளங்களைத் தினமும் பாருங்கள். 'இன்ன கம்பெனியின் பிஆர் மாண்டேட்டை (பிஆர் பொறுப்பை) இன்ன ஏஜென்சி வென்றது' என்று செய்தி வரும். புது க்ளையன்ட் வந்த இடத்தில் அடுத்த சில வாரங்களுக்குள் ஆள் தேவைப்படும், விளம்பரம் அப்புறம்தான் வரும். செய்தி வந்த அன்றே அந்த டீமின் தலைவருக்கு லிங்க்ட்இனிலோ மெயிலிலோ எழுதுங்கள். நவம்பரில் பெங்களூரு டெக் சம்மிட், ஒற்றைப்படை வருடங்களின் பிப்ரவரியில் எலகங்காவில் ஏரோ இந்தியா என்று பெரிய நிகழ்ச்சிகள் வரும்போதும் ஏஜென்சிகளுக்குத் தற்காலிகக் கைகள் வேண்டியிருக்கும். அதுவும் உள்ளே நுழைய ஒரு வழி.

மெயில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், உங்களுக்கு இந்த ஏஜென்சி எப்படித் தெரியும், நான்கு மொழி விவரம், இரண்டு மாதிரிகள் இணைப்பு, எப்போது வந்து பார்க்கலாம். 'உங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்' என்று தொடங்கும் மெயில்களை நான் படிப்பதில்லை. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள்.

பணத்தையும் பேசிவிடுவோம். புதியவர்களுக்கு ஏஜென்சிகள் பெரும்பாலும் மாதம் 20,000 முதல் 35,000 வரை கொடுக்கின்றன, சின்ன இடங்களில் அடிமட்டத்தை ஒட்டித்தான் இருக்கும். ஐடியில் இருக்கும் தோழிகளின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனசு கஷ்டப்படும். மாலை நிகழ்ச்சி முடிந்து தங்கவயல் ரயிலைப் பிடிக்க முடியாத நாட்களும் வரும், அதனால் பிஜி வாடகையையும் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கையில் ஆஃபர் லெட்டர் வரும்வரை பிபிஓ வேலையை விடாதீர்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் யார் சொன்னாலும் உங்கள் நிலைமையில் வேண்டாம். உதவித்தொகையாவது தருகிற இடமாக, மூன்று மாதத்துக்கு மிகாததாகப் பாருங்கள்.

கடன் வாங்கி எம்.ஏ. இப்போது வேண்டாம். உங்கள் பட்டமே இதழியலில்தான் இருக்கிறது, முதல் வேலைக்கு அது போதும். வேலையில் இரண்டு வருடம் இருந்த பிறகு மேலே போகப் பட்டம் தேவை என்று தோன்றினால் இக்னோவில் தொலைநிலைக் கல்வியாக இதழியல் எம்.ஏ. இருக்கிறது. முழுநேரமாகத்தான் படிக்க வேண்டும் என்றால் டெல்லியில் ஐஐஎம்சி என்ற இதழியல் கல்வி நிறுவனத்தின் விளம்பரம், மக்கள் தொடர்பு டிப்ளமா, மும்பையில் ஸ்கோர் என்ற பிஆர் கல்வி நிறுவனம் என்று இந்தத் துறைக்கென்றே இருக்கும் படிப்புகளை அப்போது யோசிக்கலாம்.

அந்த 25,000 ரூபாய். கட்டாதீர்கள். ஒழுங்கான எந்த ஏஜென்சியும் வேலைக்குச் சேர்பவரிடம் பணம் வாங்காது, 'ரீஃபண்டபிள் டெபாசிட்' என்று பெயர் மாற்றிச் சொன்னாலும் அதேதான். ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். 'இன்றே கடைசி, இரண்டு சீட்தான் இருக்கிறது' என்று அவசரப்படுத்தினால் அந்த எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். கடிதம் எழுதிய பிறகு அட்வான்ஸாக எதையாவது அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் அவர்கள் அனுப்பிய மெசேஜ்களும் அழியாமல் இருக்கட்டும்.